நாவலுக்குள் ஒரு பூட்டு

அவளுக்குப் புருஷன் மேல் சந்தேகம். ஊர் உலகத்தில் மனைவிமார் படும் சந்தேகமாக இருந்தால்கூடப் பக்கத்து வீட்டில் சொல்லி அழலாம். இவள் சந்தேகம் வேறு. தன் நாவலை அந்த மனுஷன் படிக்கவே இல்லை என்று நினைத்தாள்.

அந்த நாவலுக்கு அவர் ஒருவர்தான் வாசகர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஒவ்வொரு அத்தியாயமாக எழுதிக் கொடுப்பாள். மறுநாள் "பிரமாதம்" என்று திருப்பிக் கொடுப்பார். அந்த ஒற்றை வார்த்தையை நம்பியே வருஷக்கணக்காக எழுதிவிட்டாள். இப்போது ஒரு பதிப்பகம் நாவலை அனுப்பச் சொல்லியிருந்தது.

சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது விளம்பர ஆபீஸ். வீட்டுச் செலவு கையைக் கடித்ததால் வேண்டாவெறுப்பாகச் சேர்ந்த வேலை. சோப்புக்கும் பூட்டுக்கும் எழுதுவது ஒரு எழுத்தா என்று முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் போனாள். அங்கே மேலதிகாரி ஒரு அம்மாள், தேள்கொடுக்கு நாக்கு. இவள் எழுதியதை வரவேற்பறைப் பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வாள். படித்து முடித்ததும் தாளை வெடுக்கென்று பிடுங்கி, "என்னம்மா ஞாபகம் இருக்கு?" என்பாள்.

"நல்லாருக்கு மேடம்."

தாள் நேரே குப்பைக்கூடைக்குப் போகும். "நல்லாருக்குன்னா மண்டையில ஒண்ணும் ஏறலேன்னு அர்த்தம். வேற எழுது."

அன்று வீட்டுக்கு வந்து "பிரமாதம்" காதில் விழுந்தபோது அவளுக்குப் பகீரென்றது.

அப்புறம் அவர் படிக்கும்போதெல்லாம் கதவிடுக்கில் நின்று வேவு பார்த்தாள். பக்கம் புரளும் சத்தம் சீராகக் கேட்டது. அதுவே அவளுக்கு உறுத்தியது. சாவு வரும் பக்கத்தையும் சண்டை வரும் பக்கத்தையும் எந்த மனுஷனாவது ஒரே வேகத்தில் படிப்பானா?

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு கட்டினாள். கதாநாயகி வீட்டைவிட்டு வெளியேறும் அத்தியாயத்தின் நடுவே, ஆபீசில் மாற்றி மாற்றி எழுதித் தேறிய பூட்டு விளம்பரத்தைச் செருகினாள்.

'பூட்டினோமா இல்லையா? பாதிப் படியில் நிற்கிறீர்கள். கீழே போக மனசு வரவில்லை. திரும்பி ஏறுகிறீர்கள். டக் என்று ஒரு சத்தம் கேட்டிருந்தால் இந்நேரம் தெருமுனையைத் தாண்டியிருப்பீர்கள்.' கீழே விலை, தவணை வசதி எல்லாம் அப்படியே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். "பிரமாதம்."

"பொய்!" என்று வெடித்தாள். "நீங்க படிக்கவே இல்ல. இத்தனை வருஷமா என்னை முட்டாளாக்கியிருக்கீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பொண்ணு பாதிப் படியில நின்னுக்கிட்டுப் பூட்டினோமா இல்லையான்னு தவிக்கிறாளே, அங்க எனக்குத் தொண்டையை அடைச்சிடுச்சு. ஆனா, அவ அழுதுட்டுப் போற நேரத்துல தவணை வசதி எதுக்கு? புதுமாதிரி இலக்கியமாக்கும்னு வாயை மூடிக்கிட்டேன்."

அவளுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அடுத்த சந்தேகம் வந்துவிட்டது. "அப்போ மத்த பக்கமெல்லாம்?"

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"எல்லாத்தையும் படிச்சேன். ரெண்டு ரெண்டு தடவை படிச்சேன்," என்றார். "கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் கண் டெஸ்ட்ல எழுத்து தெரியலேன்னாலும் தெரியுதுன்னுதான் சொல்றாங்க. நாம ஏதாவது நினைச்சுக்குவோமோன்னு பயம். அப்புறம் தப்பான கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் போய் எங்கேயாவது முட்டிக்கிறாங்க. அது தெரிஞ்சும் பிரமாதம் பிரமாதம்னு நானும் உன்கிட்ட அதையே பண்ணிட்டேன்."

படிக்காமல் இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது அவளுக்கு. அழுகை முட்டியது. அத்தனை "பிரமாதம்"களையும் மொத்தமாகத் திருப்பி அவர் தலையில் கொட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் நாவலின் முதல் பக்கத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் படித்து முடித்ததும் வெடுக்கென்று பிடுங்கினாள்.

"என்ன ஞாபகம் இருக்கு? பிரமாதம்னு சொன்னீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

அவர் சுவரைப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லம்மா."

இந்தப் பதிலில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. பேனாவை எடுத்து, முதல் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு, இரண்டாம் பக்கத்தை அவரிடம் நீட்டினாள்.