வீட்டோட மாப்பிள்ளையும் பதினோரு மில்லிமீட்டரும்

எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில், ஒரு கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறது. அதற்கு வீட்டோட மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவர் என் கணவர். உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து கரண்ட் தின்கிறது, யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக்கூடாது என்பது அவர் கட்சி. அவர் பஸ் ஓட்டுகிறவர். சக்கரம் இல்லாத எதையும் அவர் மெஷின் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். நான் துணித் தொழிற்சாலையில் தையல் மெஷின் மெக்கானிக். தொழிற்சாலை ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி வந்து, படித்துப் படித்து நானே பூட்டியது அந்தப் பெட்டி. யாராவது அதைக் குறை சொன்னால் எனக்குச் சுருக்கென்று வரும், கணவராக இருந்தாலும் சரி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கத்து மனையில் பன்னிரண்டு மாடி வரப்போகிறது என்று ஒரு போர்டு நட்டார்கள். போர்டு நட்ட வாரமே நான் வீட்டைச் சுற்றி ஒவ்வொரு சுவராகப் பார்த்தேன். படுக்கையறை ஜன்னலின் கீழ் மூலையில் முடி கனத்தில் ஒரு விரிசல் இருந்தது. அதன் குறுக்கே இரும்பு ஸ்கேலை வைத்து ஒரு படம் எடுத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் காலை எட்டு மணிக்கு அதே இடத்தில் நின்று, அதே ஸ்கேலை வைத்து, ஒரே ஒரு படம். காய்ச்சலில் படுத்த ஞாயிறுகூட விட்டதில்லை. படத்தை மாப்பிள்ளைக்குள் ஏற்றிவிட்டு கேமராவைத் துடைத்துவிடுவேன்.

முதல் நாற்பத்து மூன்று ஞாயிறு அந்தக் கோடு அசையவில்லை. பக்கத்தில் பள்ளம் தோண்டத் தொடங்கினார்கள், நாற்பத்து நான்காவது ஞாயிறு அது வாயைத் திறந்தது. நூற்றிநான்காவது ஞாயிறு பதினோரு மில்லிமீட்டர். என் சுண்டுவிரல் நுனி உள்ளே போகும்.

நகராட்சியில் புகார் கொடுத்தேன். கட்டடக் கம்பெனியின் இன்ஜினியர், இது பழைய வீடு, வயதாகித் தானாக விரிகிறது என்று எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான், எங்கள் வரிசையில் ஐந்து வீடும் ஆபத்தானவை, மாதக் கடைசிக்குள் காலி செய்யவும் என்று எங்கள் கதவிலேயே நோட்டீஸ் ஒட்டினார்கள். சுவரைப் பிளந்தவனை விட்டுவிட்டு சுவருக்குள் இருப்பவளைப் போகச் சொல்கிறார்கள் என்று வந்ததே எனக்குக் கோபம். ஆனால் நானும் ஒரு மடத்தனம் செய்திருந்தேன். புகாரோடு கொடுத்த படங்களில் விரிசலையும் ஸ்கேலையும் மட்டும் விட்டுவிட்டு, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று மீதியை வெட்டியிருந்தேன். இது எந்த ஊர்ச் சுவரோ என்று இன்ஜினியர் சிரித்தாராம். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வெட்டாத அசல் படங்களோடு வரவும், தவறினால் நோட்டீஸ் உறுதி என்று நகராட்சி அதிகாரி கடிதம் அனுப்பினார். கடிதம் செவ்வாய் மாலை கைக்கு வந்தது. புதன் காலை லீவு போட்டுவிட்டு மாப்பிள்ளையைத் திறந்தேன். படங்கள் இருந்த இடம் வெறிச்சென்று கிடந்தது.

நாலு டிஸ்க்கில் ஒன்றுகூட இல்லை என்றது திரை. நாலும் ஒரே நேரத்தில் சாக முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பெட்டிக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. வெளியே ஒரு கம்ப்யூட்டர். அதற்குள்ளேயே கற்பனையாக இன்னொரு கம்ப்யூட்டர் ஓடுகிறது. டிஸ்க்கெல்லாம் ஒரு கார்டில் மாட்டியிருக்கும். அந்தக் கார்டை வெளியே இருப்பது தொடக்கூடாது. அப்படியே உள்ளே இருப்பதற்கு ஒப்படைத்துவிட வேண்டும். அதற்குப் பாஸ்த்ரூ என்று பெயர். என் கணவருக்கு இதை விளக்கியபோது, பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு பிறந்த வீட்டுக்காரர்கள் சமையலறையில் தலையிடாமல் இருப்பது போலவா என்று கேட்டார். கிட்டத்தட்ட அதேதான்.

போன ஞாயிறு படம் எடுத்த கையோடு நான் மூன்று வேலை பார்த்திருந்தேன். கார்டுக்குள் எழுதியிருக்கும் புரோகிராமை, அதாவது ஃபர்ம்வேரை, புதியதாக மாற்றினேன். வெளிக் கம்ப்யூட்டரை அப்டேட் செய்தேன். தம்பி ஆசையாக வாங்கிக் கொடுத்த புது நெட்வொர்க் கார்டைப் பக்கத்து ஸ்லாட்டில் சொருகினேன். தொழிற்சாலையில் எனக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு திருகைத் தொட்டால் கையிலேயே தட்டுவேன். ஒன்றைத் திருப்பு, ஒரு கோடு தைத்துப் பார், பிறகு அடுத்ததைத் தொடு என்று நாள் முழுக்க கத்துகிறவள் நான். என் வீட்டில் மூன்றையும் ஒன்றாகத் திருப்பிவிட்டு, தைத்துக்கூடப் பார்க்காமல் எழுந்துபோயிருக்கிறேன்.

தம்பிக்குப் போன் செய்தேன். அவன் மற்றவர்களின் ஃபைல்களை வாடகைக்கு வைத்துக் காக்கும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். இந்தப் பெட்டியைத் தூக்கிப்போடு, ஃபைல்களை எங்களிடம் கொடுத்து வை என்று மூன்று வருடமாக ஓதிக்கொண்டிருக்கிறான். பதினொன்றரைக்கு லேப்டாப்போடு வந்தான். ஃபர்ம்வேரை மாற்றினேன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், கார்டு செத்திருக்கும், டிஸ்க்கில் என்ன எழுதியதோ என்றான். மிரர் போட்டிருக்கிறேன், ஒரு டிஸ்க்கில் எழுதுவதையே இன்னொன்றிலும் எழுதும் என்றேன். வேறு இடத்தில் ஒரு நகல் இருக்கிறதா என்று கேட்டான். இல்லை.

நான் பழைய ஃபர்ம்வேர் இருந்த பென்டிரைவைத் தேடிக்கொண்டு அலமாரியைக் குடைந்தேன். திரும்பி வந்து பார்த்தால், அவன் ஒரு டிஸ்க்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டியிருந்தான். டிஸ்க் புரியவில்லை, எல்லாவற்றையும் துடைத்து ஃபார்மட் செய்யட்டுமா என்று லேப்டாப் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் விரல் சரி என்ற பட்டன் மேல் இருந்தது. நான் போய் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"கைய எடு."

"அக்கா, ஃபார்மட் பண்ணாலும் ரெக்கவரி போட்டு எடுத்துரலாம்."

"என் வீட்டுச் சுவர் இதுக்குள்ள இருக்குடா. நீ எடுத்துக் குடுக்கறதுக்கு இல்ல இது. கைய எடு."

எடுத்தான். ரொம்ப நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். இருக்கட்டும். அந்தக் கையை நான் பிடிக்காமல் விட்டிருந்தால் வாழ்நாள் முழுக்க அவன் முகத்தில் விழித்திருக்க மாட்டேன், அது அவனுக்கு இன்னும் நஷ்டம்.

டிஸ்க்கைத் திரும்ப மாட்டிவிட்டு முதல் திருகைத் தொட்டேன். கார்டில் பழைய ஃபர்ம்வேரை ஏற்றினேன். நடுவில் கரண்ட் போனால் கார்டு நிஜமாகவே செத்துவிடும். அந்த ஏழு நிமிஷம் துவைக்கிற மெஷினைக்கூடப் போடவிடவில்லை. ஏறியது. திறந்து பார்த்தேன், டிஸ்க் இல்லை. தம்பி உச்சுக்கொட்டினான். எனக்கோ பாதி உயிர் வந்தது. பழையதிலும் இல்லை, புதியதிலும் இல்லை என்றால் ஃபர்ம்வேர் மேல் குற்றம் இல்லை.

அடுத்தது அப்டேட். அதைத் திருப்புவதற்கு முன்னால், பெட்டிக்குள் எந்தக் கார்டு எந்த எண்ணில் இருக்கிறது என்ற பட்டியலை வரவழைத்து, தையல் பிரிக்கிற மாதிரி வரி வரியாகப் படித்தேன். மூன்றாம் எண்ணில் இருக்கும் கார்டை உள்ளே ஒப்படை என்று பெட்டியைப் பூட்டும்போதே எழுதி வைத்தவள் நான். மூன்றாம் எண்ணில் இப்போது உட்கார்ந்திருந்தது தம்பியின் நெட்வொர்க் கார்டு. அது நுழைந்ததும் என் கார்டு நான்காம் எண்ணுக்குத் தள்ளப்பட்டுவிட்டது. உள்ளே இருந்த கம்ப்யூட்டருக்கு மூன்று நாளாக ஆள் மாறிப் போயிருக்கிறது. வெளியே இருந்ததோ, அதைத் தொடக்கூடாது என்று நான் போட்ட கட்டளையை மதித்து டிஸ்க் கார்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறந்த வீடும் இல்லாமல் புகுந்த வீடும் இல்லாமல் நாலு டிஸ்க்கும் நடுத்தெருவில் நின்றன.

தம்பிக்குத் திரையைக் காட்டினேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை. மூன்றை நான்காக்கினேன். நாலு டிஸ்க்கும் வரிசையாக வந்து நின்றன, நூற்றிநாலு படத்தோடு. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று தம்பி இன்றைக்கும் சொல்கிறான். பொய் இல்லை.

படங்களை அவன் லேப்டாப்புக்கு ஏற்றத் தொடங்கினோம். ஒன்று, இரண்டு என்று ஏறிக்கொண்டே போய் நாற்பத்து ஒன்றில் நின்றது. டிஸ்க் நாலும் மறுபடி காணோம். அணைத்துப் போட்டால் வந்தது. அடுத்த படம் ஏறுவதற்குள் போய்விட்டது. நாற்பத்து ஒன்றுவரைக்கும் என் சுவரில் ஒன்றுமே நடக்கவில்லை. அதை மட்டும் கொண்டுபோய் நீட்டினால் இன்ஜினியர் எனக்கு நன்றி சொல்லுவார். தம்பி மெதுவாக, ஃபர்ம்வேர்தான் அக்கா என்று மறுபடி ஆரம்பித்தான். வாயை மூடு என்றேன், அன்றைக்கு எத்தனாவது முறையோ.

நாலு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து கணவர் வந்தார். யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் குனிந்து பெட்டிக்குள் கையை விட்டார். விட்ட வேகத்தில் இழுத்துக்கொண்டார்.

"இது என்ன, மலை ஏறுன பஸ் மாதிரி கொதிக்குது. ரேடியேட்டர் முன்னாடி எவன் அட்டைய வெச்சு மறைச்சது?"

மறைத்தது அதே நெட்வொர்க் கார்டுதான். என் கார்டு பிறவியிலேயே சூடு. அதற்குக் காற்று வருகிற வழியில் இது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. சும்மா இருக்கும்போது தாக்குப்பிடித்தது, வேலை கொடுத்தால் சுருண்டு விழுந்தது. பக்கத்தில் புதிதாக வந்தவன் இடத்தையும் பிடித்துக்கொண்டு காற்றையும் மறைத்தான், நாங்கள் காலையிலிருந்து பழைய கார்டைத்தான் செத்துப்போனது, கெட்டுப்போனது என்று திட்டிக்கொண்டிருந்தோம். எனக்குச் சட்டென்று கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸ் ஞாபகம் வந்தது.

நெட்வொர்க் கார்டைப் பிடுங்கித் தம்பி கையில் கொடுத்தேன். "அப்ப நம்பர் திரும்ப மூணாயிடும் அக்கா, அதை மாத்து முதல்ல" என்றான். அன்று அவன் சொன்னதில் உருப்படியானது அது ஒன்று. மாற்றினேன். கணவர் படுக்கையறையிலிருந்து டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து பெட்டிக்கு நேராக வைத்தார். மாப்பிள்ளைக்கு விசிறி விடுற வேலையும் வந்து சேர்ந்துச்சு என்று முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்பத்து ஒன்று தாண்டியது. நாற்பத்து நான்கும் தாண்டியது. நூற்றிநாலும் ஏறி முடிந்தபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அதிகாரியின் அறையில் இன்ஜினியர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். இஸ்திரி கலையாத சட்டை. நான் லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்பே, வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்த படத்துக்குத் தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் லேப்டாப்பைத் திறந்து முதல் படத்தைக் காட்டினேன்.

வெட்டாத படம். விரிசல், ஸ்கேல், அதற்கு மேலே ஜன்னல். ஜன்னல் வழியாகப் பக்கத்து மனை தெரிந்தது: ஒரு தகரக் கொட்டகை, புல், புதிதாக நட்ட போர்டு. அடுத்த படம், அடுத்த படம் என்று தட்டிக்கொண்டே போனேன். புல் வளர்ந்தது, காய்ந்தது, மழையில் நனைந்தது. விரிசல் முடி கனத்திலேயே இருந்தது. நாற்பத்து நான்காவது படத்தில் கொட்டகை இல்லை. ஜன்னல் நிறைய மஞ்சள் நிறத்தில் தோண்டும் மெஷினின் கை, அதில் கம்பெனி பெயர். கீழே ஸ்கேலில் இரண்டு மில்லிமீட்டர். பிறகு பள்ளம் ஆழமாக ஆழமாக மூன்று, ஐந்து, எட்டு. நான் விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தானே தட்டத் தொடங்கினார்.

"தேதிய நான் மாத்தியிருப்பேன்னு சொன்னீங்களே சார்," என்றேன் இன்ஜினியரிடம். "உங்க மெஷினையும் நானா கொண்டு வந்து என் ஜன்னல்ல நிறுத்துனேன்?"

அவர் தன் பேப்பரைப் புரட்டினார். அதில் படம் இல்லை. பள்ளத்தைச் சுற்றித் தாங்குசுவர் கட்டி முடித்து, நகராட்சி வந்து பார்க்கும்வரை தோண்டக்கூடாது, ஐந்து வீட்டு நோட்டீஸும் ரத்து என்று அதிகாரி எழுதினார். எழுதியதை நான் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் எழுந்தேன். வெளியே படியில் இறங்கும்போது இன்ஜினியர் பின்னாலேயே வந்தார். எத்தனை நாளைக்கும்மா, எப்படியும் அது பழைய வீடுதானே என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை, எனக்கு நல்லது சொல்கிறவர் மாதிரி சொன்னார். அதுதான் எனக்கு ஆகவில்லை.

"ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்கு அளப்பேன் சார். அடுத்த ஞாயித்துக்கிழமையும் அளப்பேன். வேணும்னா வந்து ஸ்கேல் பிடிங்க."

அவர் வரவில்லை. தம்பி வந்தான். அவன் கேட்டபடியே நூற்றிநாலு படத்தையும் ஒரு டிஸ்க்கில் ஏற்றி அவனிடம் கொடுத்தேன். வாடகைக்கு இல்லை, அவன் வீட்டு அலமாரியில் வைக்க. நகல் வேண்டும் என்று அவன் சொன்னது நியாயம், அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. நெட்வொர்க் கார்டை மட்டும் அவனே வைத்துக்கொள்ளட்டும்.

எட்டு மணி. பள்ளத்தின் பக்கம் சத்தம் இல்லை. கணவர் ஸ்கேலைப் பிடித்தார், தம்பி தள்ளி நின்றான், நான் வழக்கமான இடத்தில் நின்று நூற்றைந்தாவது படத்தை எடுத்தேன். ஜன்னலில் மஞ்சள் கை மடங்கி, அசையாமல் கிடந்தது. கணவர் குனிந்து ஸ்கேலைப் பார்த்தார், கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பதினொண்ணு," என்றார். "போன வாரம் எவ்வளவு?"

"பதினொண்ணு."