அறிவு நிக்கிற வரிசை

என் வூட்டுக்காரன் அறிவு எண்ணூர் ரோட்டுல நிக்கிறான். நான் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு வூட்ல குந்திகினு கீறேன். ஷேர் ஆட்டோ புடிச்சா வந்துடலாம், ஆனா வர முடியாது. கன்டெய்னர் லாரி ஓட்டறவன். பொட்டி எறக்க ஹார்பர் யார்டுக்குப் போற லாரி வரிசை எப்ப நகரும்னு எவனுக்கும் தெரியாது. நகரசொல்ல சீட்ல ஆள் இல்லன்னா பின்னாடி கீறவன் பூந்துடுவான், அப்புறம் கடைசிலேர்ந்து வரணும். கண்ணாலம் ஆன புதுசு. ஒரு வேளை சோறு ஒண்ணா குந்தி துன்ன எனக்கு ஆசை இருக்காதா?

நான் வெப் டெவலப்பர். பேஜாராயி, அந்த வரிசைக்கே ஒரு வெப் பக்கம் செஞ்சேன். ஒவ்வொரு டிரைவர் போனும் நிக்கிற எடத்த சொல்லிகினே இருக்கும். ஒரு லாரி நகர்ந்தா எல்லார் ஸ்கிரீன்லயும் அதோட புள்ளி அந்த நொடியே நகரும். வரிசை அசையலன்னு தெரிஞ்சா அவன் தெகிரியமா வூட்டுக்கு வரலாம்ல!

மொதல்ல ஆபீஸ்ல கூட வேல செய்ற கமால் சொன்ன பெரிய ஃப்ரேம்வொர்க்ல, அதான் ரெடிமேட் கோடு மூட்டைல, கட்னேன். லேப்டாப்ல சோக்கா ஓடிச்சி. அறிவோட பழைய போன்ல வெள்ளையா நின்னுது.

"இன்னாமே, சக்கரம் சுத்திகினே கீது. எங்க வரிசையே தேவலாம் போல"ன்னு நக்கல் வேற.

கமால் கிட்ட எகிறினேன். "ஒரு புள்ளி நகர இம்மாம் மூட்டையாடா?"

"எல்லா கம்பெனியும் இதான் வெச்சிகினு கீது."

"கம்பெனிக்கு இன்னா, புருஷன் வூட்டுக்கு வரணுமா?"

நானே தேடினேன். ஒரு ஃப்ரேம்வொர்க் சின்னதுதான், ஆனா சிக்னல் போனா செத்துடும். இன்னொண்ணு அதவிட சின்னது, கனெக்ஷன் அறுந்தா தானே ஒட்டிக்கும். அதான் வேணும்னு அதுலயே திருப்பிக் கட்னேன். அறிவு போன்ல பட்டுனு தொறந்துது. வரிசைல கீற எல்லார் போன்லயும் அவனே ஏத்தி வுட்டான்.

அடுத்த ஞாயித்துக்கெயமையே வந்துட்டான். நெத்திலி கொயம்பு ஊத்தினேன். ரெண்டாவது கவளம் எடுக்கசொல்ல பின்னாடி லாரி செல்வம் போன் பண்ணாரு.

"டேய், நீ வரிசைய வுட்டு போய்ட்டன்னு காட்டுது! உன் லாரிய சுத்திகினு எல்லாம் முன்னாடி போய்ட்டானுங்கோ!"

தலையில அடிச்சிகினேன். வெப் பக்கத்துக்கு லாரியத் தெரியாது, போனத்தான் தெரியும். போன் புளியந்தோப்பு வந்ததால லாரியே கெளம்பிடிச்சின்னு அதுவா முடிவு கட்டி, அடுத்தவனுக்கு வழி வுட்டுடிச்சி. இத யோசிக்காம என்னா டெவலப்பர் நான்! அவன் கை கூட கழுவாம ஓடினான். மிச்ச சோத்தப் பாத்து அயுதேன்.

சாயங்காலம் போன் பண்ணான். "இப்ப நான்தான் கடைசி. திட்ட பின்னாடி ஒருத்தனும் இல்ல. நீ வாயேன், யசோ."

டப்பால கட்டிகினு பறந்தேன். லாரி கேபின்ல ஒரே டப்பால துன்னோம். துன்னுட்டு என் தோள்ல சாஞ்சவன் அப்டியே தூங்கிட்டான். எத்தினி நாள் தூக்கமோ, பாவம். அதுக்குள்ள எங்க பின்னாடி ரெண்டு லாரி வந்து நின்னுது.

ஸ்கிரீன்ல மொத புள்ளி நகர்ந்துது. அடுத்தது. அதுக்கடுத்தது. நகர்றது ஒண்ணொண்ணா எங்க லாரி பக்கமா வந்துகினே இருந்துது. நகராத, கொஞ்ச நேரம் நகராதன்னு வேண்டிகினேன். முன்னாடி லாரி இஞ்சின் உறுமிச்சி. எயுந்திருன்னு சொல்லணும், வாய் வர்ல.