தொடாத ட்ரிக்கர்

கச்சிராயபாளையத்தைத் தாண்டி ரோடு மலையேறத் தொடங்கும் இடத்தில் மலைக்காவல் பிரிவின் முகாம் இருந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாவதற்கு இரண்டு வருஷம் முன்னால் நடந்தது இது. முகாமின் ஆயுதக் கிடங்கு ஏட்டு ஷாஜாதியின் பொறுப்பு. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மிக்சி ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஹயாத் பாஷாவின் மனைவி அவள். துப்பாக்கி பழுது பார்க்கும் பயிற்சிக்குப் போன நாற்பது பேரில் அவள் ஒருத்திதான் பெண். மூன்றாவதாகத் தேறி வந்தாள்.

கிடங்கில் இருபத்து மூன்று ஆட்டோமேட்டிக் பிஸ்டல்கள் இருந்தன. அவற்றின் மேல் ஷாஜாதிக்குத் தனிப் பெருமை. புதிதாக வரும் காவலர்களை உட்கார வைத்து ஒன்றைப் பிரித்துக் காட்டுவாள்.

"இதோ இந்த ஊசி போய் இடிச்சாதான் தோட்டா வெடிக்கும். அந்த ஊசிய ஒரு சின்னத் தடுப்பு புடிச்சிக்கினு நிக்குது, பாருங்க. நீங்க ட்ரிக்கர அமுக்குனாதான் அது வழி வுடும். கைதவறி பாறை மேல போட்டாலும் வெடிக்காது. தைரியமா இடுப்புல கட்டிக்கினு போங்க."

ஆடி மாதத்தில் ஒரு காலை, வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஓடைச் சரிவில் சாராய ஊறல் இருப்பதாகத் தகவல் வந்தது. உடைக்கப் போன ஆறு பேரில் பிச்சைமுத்துவும் ஒருவன். தியாகதுருகம் பக்கத்துக்காரன். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டும் கூலிகள். அந்தக் குடும்பத்தில் யூனிபார்ம் போட்ட முதல் ஆள் அவன்தான். சரிவில் இறங்கும்போது ஈர மண்ணில் கால் வழுக்கி இரண்டு ஆள் உயரம் சறுக்கினான். உறையின் பொத்தான் அறுந்து பிஸ்டல் தலைகீழாகப் பாறையில் விழுந்தது. படாரென்று ஒரு சத்தம். பாறையில் பட்ட தோட்டா சிதறி, கீழே நின்ற மூத்த காவலர் அம்மாசியின் ஆடுசதையைக் கிழித்துக்கொண்டு போனது. பதினான்கு தையல்.

விசாரணைப் பொறுப்பு முகாம் இன்ஸ்பெக்டர் சின்னதுரையிடம் வந்தது. முதலில் அவர் கூப்பிட்டது ஷாஜாதியைத்தான்.

"ஏம்மா, இந்த பிஸ்டல் கீழ வுழுந்தா வெடிக்குமா?"

"வெடிக்காது சார்."

"நல்லா யோசிச்சு சொல்லு."

"யோசிக்க ஒண்ணுமில்ல சார். அதுக்குத்தான் உள்ள தடுப்பு இருக்குது."

அப்படியானால் பிச்சைமுத்து பயத்தில் பிஸ்டலை உருவி ட்ரிக்கரை அமுக்கியிருக்கிறான் என்று முடிவானது. அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். "தொடவே இல்ல சார்" என்றான் திரும்பத் திரும்ப. அம்மாசியோ அந்த நேரம் ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றவர், எதையும் பார்க்கவில்லை. பிச்சைமுத்துவை சஸ்பெண்ட் செய்தார்கள். பிஸ்டலைத் துணிப்பையில் போட்டு அரக்கு வைத்துக் கிடங்கிலேயே வைத்தார்கள்.

ஒன்பதாம் நாள் மதியம் முகாம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கரும்புத் தோட்டத்திலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். முழங்கை வரைக்கும் காய்ந்த கரும்புச் சோகை கீறிய கோடுகள்.

"நீங்கதான் ஏட்டம்மாவா?"

"ஆமா. நீ யாரு?"

"பிச்சைமுத்து சம்சாரங்க. சின்னப்பொண்ணு."

அழுது கெஞ்சப் போகிறாள் என்று ஷாஜாதி நினைத்தாள். அவள் அழவில்லை.

"சறுக்கும்போது ரெண்டு கையாலயும் வேரப் புடிச்சிக்கினு தொங்கனாராம். துப்பாக்கிய எந்தக் கையால எடுப்பாரு? எனக்கு இந்த மிசினு வெவகாரமெல்லாம் தெரியாதுங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். அந்தத் துப்பாக்கிய நீங்க தொறந்து பாத்தீங்களா?"

"பாக்கல" என்றாள் ஷாஜாதி.

"பாக்காமயா வெடிக்காதுன்னு சொன்னீங்க?"

அவ்வளவுதான் கேட்டாள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக ஷாஜாதி சின்னதுரையின் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"அரக்க ஒடச்சு ஒருவாட்டி பாக்கணும் சார்."

"நீதானம்மா வெடிக்காதுன்ன?"

"பாக்காம சொல்லிட்டேன் சார்."

அவர் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "சரி. எழுத்தர கூட வெச்சிக்கினு பாரு. இன்னா இருக்குதோ அத எழுது" என்றார்.

எழுத்தர் கமலா நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தாள். ஷாஜாதி அரக்கை உடைத்து, பிஸ்டல் காலியாக இருப்பதை இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொண்டு, மேலே ஓடும் ஸ்லைடைக் கழற்றினாள். மெல்லிய கம்பியால் ஊசியின் பின்பக்கத்தை அமுக்கினாள். தடுப்பு சரியாக இருந்தால் ஊசி அசையக் கூடாது. இது வழுக்கிக்கொண்டு போய், முன்பக்கத் துளை வழியாகக் கம்பு அரிசி அளவுக்கு மூக்கை நீட்டியது.

ஷாஜாதி விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துப் பார்த்தாள். முகாமுக்கு வரும்போது துருப்பிடிக்காமல் இருக்கத் தடவியிருந்த மஞ்சள் கிரீஸ், மலைத் தூசியோடு சேர்ந்து காய்ச்சி ஆறிய வெல்லப்பாகு மாதிரி இறுகிப் போயிருந்தது. போன முறை பயிற்சியில் சுட்டபோது ட்ரிக்கர் தூக்கிவிட்ட தடுப்பு கீழே இறங்காமல் அந்தப் பாகிலேயே ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் ஊசியைப் பிடிக்க ஆளில்லை. பிஸ்டல் தலைகீழாக விழுந்த வேகத்தில் ஊசி தானே ஓடித் தோட்டாவை இடித்திருக்கிறது.

மாதா மாதம் சோதனை செய்து 'சரி' என்று கையெழுத்துப் போட்டவள் அவள்தான். குழாயைப் பார்த்தாள், ட்ரிக்கரைப் பார்த்தாள், மேகசினைப் பார்த்தாள். பயிற்சியில் கொடுத்த படிவத்தில் தடுப்பைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி இல்லை, அவளும் பார்க்கவில்லை.

ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு விரலால் தட்டினால் போதும், தடுப்பு 'டக்'கென்று இறங்கிவிடும். கமலாவுக்கு எது தடுப்பு, எது ஊசி என்று தெரியாது. அந்த எண்ணம் வராமல் இல்லை. வந்தது, கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் இருந்தது. சோகை கீறிய அந்தக் கைகள் கண்ணுக்குள் வந்தன. ஷாஜாதி கையில் இருந்ததை அப்படியே துணியின் மேல் வைத்தாள்.

"கமலா, போயி சாரை கூட்டிக்கினு வா. அது வரிக்கும் நான் இதத் தொட மாட்டேன்."

சின்னதுரை வந்து குனிந்து பார்த்தார். அவரே கம்பியை வாங்கி அமுக்கினார். ஊசி எட்டிப் பார்த்தது.

"போன மாச சோதனையில உன் கையெழுத்து இருக்குதேம்மா."

"ஆமா சார். அதையும் எழுதிக்குங்க."

"இது அமுங்கிப் போவுதுன்னா வுழுந்தா வெடிக்கும்னு அர்த்தமா? மேல கேப்பாங்க."

"வுட்டுக் காட்டறேன் சார். எல்லாரும் பாக்கட்டும்."

மறுநாள் முகாம் முற்றத்தில் ஒரு கருங்கல் பலகையைப் போட்டார்கள். சுற்றி மணல் மூட்டைகள். பிச்சைமுத்துவையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவன் யூனிபார்ம் இல்லாமல் வேட்டி சட்டையில் ஓரமாக நின்றான். பக்கத்தில் சின்னப்பொண்ணு. காலில் கட்டோடு அம்மாசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

ஷாஜாதி ஒரு தோட்டாவின் மூக்கையும் மருந்தையும் எடுத்துவிட்டு வெறும் கூட்டை மட்டும் வைத்திருந்தாள். அடியில், ஊசி இடித்தால் முதலில் வெடிக்கிற கேப்பு மட்டும் உயிரோடு இருந்தது. இடிபட்டால் பட்டாசு மாதிரி சத்தம் வரும், வேறொன்றும் பறக்காது. அதை பிஸ்டலில் ஏற்றி, கயிற்றில் தலைகீழாகத் தொங்கவிட்டு, இடுப்பு உயரத்திலிருந்து விட்டாள்.

'ணங்'கென்று கல்லில் விழுந்தது. வெடிக்கவில்லை.

மறுபடி விட்டாள். வெடிக்கவில்லை. பின்னால் யாரோ கனைத்தார்கள். பிச்சைமுத்து தலையைக் குனிந்துகொண்டான். மூன்றாவது முறை ஷாஜாதி முடிச்சைப் பார்த்து, பிஸ்டல் நேராகத் தொங்குகிறதா என்று பார்த்து, விட்டாள்.

படார்!

மூட்டைக்குப் பின்னால் நின்றவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். மரத்திலிருந்த மைனாக்கள் கலைந்து பறந்தன. கயிற்றின் நுனியில் கிடந்த பிஸ்டலின் பக்கத்தில் மனிதக் கை எதுவும் இல்லை. அதை எல்லோரும் பார்த்தார்கள்.

"தொடலன்னு சொன்னான்ல!" என்று பெஞ்சிலிருந்து கத்தியவர் அம்மாசி.

ஷாஜாதி அதோடு நிறுத்தவில்லை. அதே இடத்தில் உட்கார்ந்து ஸ்லைடைக் கழற்றி, இறுகின கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, தடுப்பு ஒவ்வொரு முறையும் துள்ளி இறங்குகிறதா என்று பார்த்து மாட்டினாள். புதுக் கூட்டை ஏற்றினாள். இருபது முறை விட்டாள். இருபது முறையும் கல்லில் இரும்பு விழும் சத்தம் மட்டும்தான். பத்தாவது முறைக்கு மேல் காவலர்கள் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார்கள். "இருபது!" என்று அவர்கள் கத்தியபோது சின்னதுரையின் குரலும் அதில் இருந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் மற்ற இருபத்திரண்டு பிஸ்டல்களையும் அவள் பிரித்துவிட்டாள். நான்கில் அதே பாகு, அதே ஒட்டல். அந்த நான்கும் அந்த வாரம் யார் யார் இடுப்பில் மலையேற இருந்தன என்று கமலா ஒவ்வொரு பேராகப் படித்தாள்.

ஒரு மாதம் கழித்து இரண்டு உத்தரவுகள் வந்தன. பிச்சைமுத்துவின் மேல் தவறில்லை, வேலையில் சேரலாம் என்பது முதலாவது. இரண்டாவது ஷாஜாதிக்கு. சோதனையில் குறை வைத்ததற்காக அவளுக்குக் கண்டிப்பு. கூடவே, ஊசியை அமுக்கிப் பார்க்கும் அவளுடைய சோதனையை இனி பிரிவின் எல்லா முகாம்களும் மாதா மாதம் செய்ய வேண்டும், அவளே போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அதே தாளில் இருந்தது.

ஹயாத் பாஷா கடையில் ஒரு கிரைண்டர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு அதைப் படித்தான்.

"கண்டிப்புன்னு போட்டிருக்குது. நீ இன்னா சிரிச்சிக்கினு நிக்கிற?"

"போடட்டும். நான் பாக்காம வுட்டது நெசம்தான?"

"அதுக்கு சிரிப்பாங்களா?"

"கீழ படிங்க. முழுசா படிங்க."

அவன் படித்தான். இன்னொரு முறை படித்தான். பிறகு கிரீஸ் கையை லுங்கியில் துடைத்துவிட்டு அந்தத் தாளைப் பக்கத்துச் செருப்புக்கடைக்காரரிடம் எடுத்துக்கொண்டு ஓடினான். "எங்க வூட்டம்மா பேரு பாருங்க, இங்க, இந்த எடத்துல" என்று அவன் விரல் வைத்துக் காட்டியது ஷாஜாதிக்குக் கேட்டது.

அடுத்த திங்கட்கிழமை பிச்சைமுத்து கஞ்சி போட்ட யூனிபார்மில் கிடங்கு ஜன்னலுக்கு வந்தான். ஷாஜாதி பிஸ்டலை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"ஏட்டம்மா, கோச்சிக்காதீங்க. நானும் ஒருவாட்டி அமுக்கிப் பாக்கலாங்களா?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. ஸ்லைடைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள், கம்பியையும் கொடுத்தாள். அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அமுக்கினான். ஊசி அசையவில்லை. அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களும் தங்கள் பிஸ்டல்களுக்குக் கம்பி கேட்டார்கள். ஜீப் டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்து ஓய்ந்தார். ஒவ்வொருவரும் அமுக்கிப் பார்த்து முடிக்கிற வரை ஷாஜாதி ஜன்னலில் நிமிர்ந்து நின்றாள்.