தொட்டியின் மூடி

மகள் கடைக்கு வந்து உட்கார்ந்தால் முன்பெல்லாம் டீக்கடைக்காரர் ஒரு சுற்று கூடுதலாகவே டீயை ஆற்றுவார். இந்த விடுமுறையில் ஆற்றாமலேயே டம்ளரை அவள் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்தார். அவள் டீயை ஏறெடுத்தும் பார்க்காமல், பெஞ்சில் இருந்தவர்கள் ஜக்கைத் தூக்கித் தண்ணீர் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லூரியில் பொதுச் சுகாதாரம் படிக்கிறாள். படித்து என்ன ஆவாள் என்று யாராவது கேட்டால் அவர் திருதிருவென்று விழிப்பார். டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. "ஜனங்க டாக்டர்கிட்ட போகாம பாத்துக்கற வேலைப்பா" என்று அவள் சொல்லிக்கொடுத்திருந்தாள். எதிர்க்கடை முடிதிருத்துபவர் அதற்கு உரை எழுதினார். "சுகாதார அதிகாரி ஆயிடுவா அண்ணே. மொதல்ல உங்க கடைக்குத்தான் பூட்டு."

அன்று எல்லோரும் சிரித்தார்கள். தெருவில் வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு பரவியபிறகு அதே பேச்சை யாராவது எடுத்தால் அவர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் வேறு வாசல் வாசலாக ஏறி இறங்கினாள். சுருண்டு படுத்திருப்பவர்களிடம் விசாரிப்பது சரி, நன்றாக நடமாடுகிறவர்களிடமும் என்ன கேள்வி? "எங்க தண்ணி குடிச்சீங்கன்னு என்கிட்டயும் கேட்டா. உங்க கடையிலன்னு உண்மையைச் சொல்லிட்டேன் அண்ணே" என்றார் முடிதிருத்துபவர், பெரிய உபகாரம் செய்துவிட்டவர்போல. கடைக்கு எதிராகச் சாட்சி சேர்க்கிறாள் என்று டீக்கடைக்காரருக்குப் பட்டது. படிப்பு என்று வந்துவிட்டால் அப்பனாவது ஆட்டுக்குட்டியாவது. அவளைப் படிக்கவைத்ததே இந்தக் கடைதான்.

அவர் பயத்துக்குக் காரணமும் இருந்தது. போன மழையில் கடை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி உடைந்துபோயிற்று. ஒரு தகரத்தைப் போட்டு மேலே கல்லை வைத்தவர்தான், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார். டீக்குத் தண்ணீர் கொதிக்கிறது. ஜக்கில் இருப்பது கொதிப்பதில்லை.

"காலையில கடைத் தண்ணி கொஞ்சம் எடுத்துக்கறேம்பா" என்று சாப்பிடும்போது சொன்னாள். எதற்கு என்று கேட்காமல் அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

விடிந்ததும் அவளுக்கு முன்பே ஓடிப்போய், பிளீச்சிங் பவுடரைத் தொட்டியில் கொட்டினார். கொஞ்சம் போதும் என்று மளிகைக் கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்திருந்தார். பயத்துக்கு ஏது அளவு? முழுப் பொட்டலமும் போயிற்று. முதல் டீயை வாங்கியவர் ஒரு வாய் குடித்துவிட்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மகள் சின்ன பாட்டிலோடு வந்து குழாயைத் திறந்தாள். பவுடர் நெடி மூக்கில் ஏற, உடனே மூடினாள்.

"எப்பப்பா போட்டீங்க?"

"சும்மாதாம்மா. சுத்தமா இருக்கட்டுமேன்னு."

அவள் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். "தெருவுல நல்லா இருக்கறவங்கள்ல முக்கால்வாசிப் பேரு நம்ம கடைத் தண்ணி குடிச்சவங்கப்பா. படுத்திருக்கறவங்க அத்தனை பேரும் தெருக்குழாய்த் தண்ணி. நம்மது சொந்தக் கிணத்துத் தண்ணி. இது சுத்தம், அது அழுக்குன்னு ரெண்டையும் பக்கத்துல வச்சுக் காட்டினாத்தான் அதிகாரிங்க தெருக்குழாயை மூடுவாங்க. இப்ப இதை எடுத்து என்ன பண்றது?"

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், சந்தோஷமாகக்கூட இருந்தது. தன்னை மாட்டிவிட வரவில்லை. தன் கடையைச் சாட்சிக்கு அழைக்கத்தான் வந்திருக்கிறாள்.

அதற்குள் அவள் முகம் மாறியது. வீடு வீடாகப் போய்க் கேட்டுவந்த அதே அமைதியான குரலில் கேட்டாள்.

"சுத்தமா இருந்த தண்ணிக்கு ஏம்பா இவ்வளவு மருந்து?"

அவர் பார்வை மாடித் தொட்டிப் பக்கம் போய்த் திரும்பியது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இருவருமே அடுப்பை அணைக்கவில்லை.

"ஏணி எங்கப்பா?"

அவரே எடுத்துவந்து சுவரில் சாய்த்தார். அவள் ஏறினாள். அசையாமல் இருக்க இரண்டு கையாலும் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டார். அவள் செருப்பிலிருந்து மண் உதிர்ந்து அவர் நெற்றியில் விழுந்தது. துடைத்துக்கொள்ளக் கையை எடுக்கவில்லை. மேலே, தகரத்தின்மீது கல் நகரும் சத்தம் கேட்டது.