டொக்டர் சொன்ன மற்றப் பாதி

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் ஒருத்தியின் இரண்டு கால்களை வாங்கினேன். அவள் என் மனைவி கஜலக்சுமி.

சுவிஸில், துன் நகரில் ஒரு ஹோட்டல் குசினியில் எனக்குச் சமையல் வேலை. அவள் அங்கேயே அறைகள் துப்புரவாக்கினாள். மூன்று வருடத்துக்கு முன் அவளுக்கு எம்எஸ் என்றார்கள். உடம்பே தன் நரம்புகளைக் கெடுக்கிற வருத்தம். காலையும் மாலையும் குளிசை. போட்டால் முகம் எரியும், வயிறு பிரட்டும். கால் தள்ளாடினாலும் ஞாயிற்றுக்கிழமையில் ஏரிக்கரை பேக்கரிவரை நடந்து பின்னல் பாண் வாங்கிவருவாள். அந்த நடையைக் காப்பாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

அப்போதுதான் ஷ்லீரனிலிருந்து என் தங்கை சிவகலா போன் எடுத்தாள்.

"அண்ணை, நான் கோதம்பையை விட்டு, ஒரு குளிசையும் இல்லாமல், ஆறு மாதத்தில எழும்பி ஓடித் திரியிறன். மச்சாளையும் விடச் சொல்லுங்கோ."

சிவகலாவுக்கு இருந்தது கோதுமை ஒவ்வாத குடல் வருத்தம். அதற்கு அதுதான் மருந்து. இது வேறு வருத்தம். ஆசைப்பட்டவனுக்கு அது எங்கே உறைக்கும்?

டொக்டரிடம் போகும்போதெல்லாம் நான்தான் மொழிபெயர்ப்பு. கஜலக்சுமிக்கு டொச், அதுதான் ஜெர்மன் மொழி, வராது என்பது எங்கள் வீட்டில் முடிந்த முடிவு. கோதுமையை விடலாமா என்று கேட்டேன். டொக்டர் பொறுமையாகச் சொன்னார்: விரும்பினால் விடட்டும், ஆனால் அது இந்த வருத்தத்தை நிறுத்தும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை, குளிசையை மட்டும் நிறுத்தக்கூடாது.

"என்னவாம்?" என்றாள்.

"கோதம்பையை விடட்டாம். குளிசையையும் மெல்ல மெல்ல நிப்பாட்டலாமாம்."

"அப்பிடியோ சொன்னவர்?"

"ஓம்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரி," என்றாள்.

வீட்டில் பாண் நின்றது. கோதுமை மா கலந்திருக்கிறது என்று பெருங்காய டப்பாவைக்கூட எறிந்தேன். காலையில் எழுந்து அரிசிமாவும் குரக்கன்மாவும் குழைத்தேன். குளிசை நின்றதும் முக எரிவு நின்றது. பார்த்தீரா, சுகம் வருகுது என்று துள்ளினேன். டொக்டரிடம் போகவேண்டிய அடுத்த தவணையை நானே போன் பண்ணித் தள்ளிவைத்தேன். மடையன்.

ஏழாம் மாதம், ஒரு காலை, கட்டிலிலிருந்து அவளால் காலை இறக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். மூளையிலும் முள்ளந்தண்டிலும் புதுப் புண்கள். பழையபடி நடப்பது கடினம் என்றார் டொக்டர். பிறகு என்னைப் பார்த்து, குளிசையை நிறுத்தச் சொன்னது யார் என்று அவளிடம் கேட்கச் சொன்னார்.

நான் குனிந்து போர்வையைச் சரிசெய்தேன். அவள் தலையணையில் கிடந்தபடியே, உடைந்த டொச்சில், தானே பேசினாள். "நான்தான் நிறுத்தினேன், இவருக்குத் தெரியாது," என்றாள்.

டொக்டர் எழுதிக்கொண்டு போனார். நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உமக்கு டொச் விளங்குமோ?"

"பதினொரு வருசம் அவையின்ர அறை துடைச்சனான். கதைக்கத்தான் கூச்சம். விளங்காதே?"

"அப்ப அண்டைக்கு அவர் சொன்னது?"

"விளங்கினது."

"பின்னை ஏன் பேசாமல் இருந்தனீர்?" என்று கேட்கும்போதே நான் அழுதுவிட்டேன்.

"வருத்தம் வந்த நாளிலயிருந்து நீங்கள் சிரிக்கேல்லை. எனக்கு மாக் குழைக்கேக்கதான் சிரிச்சனீங்கள். அதைக் கெடுக்க மனம் வரேல்லை," என்றாள்.

மேசையில் காலைச் சாப்பாட்டுத் தட்டு ஆறிக்கிடந்தது. அதில் பின்னல் பாண் ஒரு துண்டு. பிய்த்து வாயருகே கொண்டுபோனேன். அவள் வாயைத் திறக்காமல் என்னைப் பார்த்தாள்.

"சாப்பிடலாமோ?" என்று என்னிடம் அனுமதி கேட்டாள்.