இரங்கல் தீர்மானம்

அப்பாவின் தாடையைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள் அனிதா. மூன்றாவது முறையும் துணி நழுவி வாய் திறந்துகொண்டது. சோணைமுத்துவின் வாயை உயிரோடு இருந்தபோதும் யாராலும் மூட முடிந்ததில்லை.

முப்பத்தோரு டெய்லர்கள் பங்கு போட்டு நடத்தும் பனியன் கம்பெனிக்கு, ஆளுக்கொரு ஓட்டுப் போட்டு அவர்களே தேர்ந்தெடுத்த தலைவர் அவர். எந்தக் காகிதத்தையும் கூட்டத்தில் உரக்க வாசிக்காமல் கையெழுத்துக்கு விடமாட்டார். ஒரு கரண்ட் பில்லை அவர் வாசித்து விளக்கி முடிப்பதற்குள் அடுத்த பில் வந்துவிடும். கவுன்சிலர் தேர்தலுக்கும் மனுப் போட்டிருந்தார். நேற்று சாயங்காலம் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டார்.

தெருமுனையில் ஒரு மாலை வந்தது. தூக்கிய நாலு பேரும் கண்ணில் படவில்லை. மாலையே நடந்து வருவதுபோல் இருந்தது. பின்னால், அதே வார்டில் அப்பாவை எதிர்த்துத் தேர்தலில் நிற்கும் அருள்செல்வன்.

“அழுவாத கண்ணு. உங்கப்பனுக்குத் திருமுருகன்பூண்டிச் சிற்பிகிட்டச் செலையே சொல்லிப்போட்டேன். நிக்கிற செலை.”

“எங்கப்பா உக்காந்து தைக்கிற ஆளுண்ணே.”

வாய்க்கரிசிக்கு டெய்லர்கள் வரிசை கட்டினார்கள். அருள்செல்வனின் ஆள் அட்டையில் காகிதம் செருகி நீட்டிக்கொண்டே போனான்.

“இரங்கல் தீர்மானமுங்க. ஒரு கையெழுத்து.”

“வாசிக்கலையா?” என்றாள் வரிசையில் முதலில் நின்ற ராமாயி.

“எழவு ஊட்டுல என்னத்தைங்க வாசிக்கறது?”

“அதுஞ் சரிதேன். முத்தண்ணன் வாசிச்சா பொணத்த எடுக்கவே பொழுது சாஞ்சிரும்.”

போட்டுவிட்டாள். பின்னால் நின்றவர்கள் சிரிப்பை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு மளமளவென்று போட்டார்கள்.

அனிதா அட்டையை வாங்கிப் பார்த்தாள். முதல் வரி இரங்கல். மீதியெல்லாம், கம்பெனியை அருள்செல்வன் பொறுப்பில் ஒப்படைப்பது. கீழே பதினைந்து கையெழுத்து. இன்னும் ஒன்று விழுந்தால் பாதிக்கு மேல்.

“உங்கப்பன் பங்குக்கு நீயும் போட்ரு கண்ணு,” என்றார் அருள்செல்வன், மெதுவாக. “நாளைக்கும் இந்த ஊர்லதான இருக்கோணும்.”

பறைச் சத்தம் நின்றிருந்தது. அவருடைய ஆட்கள் இருவர் வாசல் கேட்டை நோக்கி நடந்தார்கள். அனிதா எழுந்து தொண்டையைச் செருமினாள்.

“தீர்மானம். பத்தி ஒண்ணு,” என்று உரக்க வாசிக்கத் தொடங்கினாள்.

வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். பிறகு, கூட்டத்தில் உட்காருவதுபோலவே, ஒருவர் பின் ஒருவராகத் தரையில் உட்கார்ந்தார்கள். ராமாயி மட்டும் அரிசியை மூடிய கையோடு நின்றுகொண்டிருந்தாள்.

கேட் சாத்தப்படும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

அனிதா இரண்டாம் பத்திக்குப் போனாள்.