அருகம்புல் ஜூஸ்காரருக்கு நெஞ்சு வலிக்கலாமா?

1

இந்தக் கதை ஒரு ஏப்பத்தில் பிறந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட நானே முதலில் சொல்லிவிடுவது மரியாதை.

மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகிற ரோட்டில், காலை ஆறு மணிக்கு, நடைப்பயிற்சி என்ற பெயரில் தொப்பையைச் சுமந்துகொண்டு திரிந்த நான், ஒரு தள்ளுவண்டியில் வாழைத்தண்டு ஜூஸ் வாங்கிக் குடித்தேன். குடித்ததும் வந்தது. நாலு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வந்தது. நான் அசடு வழிய நின்றேன். வண்டிக்காரர் மட்டும் ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

"வெக்கப்படாத சார். ஒடம்பு பேசுது. நேத்து இன்னா துன்ன?"

பரோட்டா என்றேன்.

"அதான் கேக்குது, ஏன்டா துன்னன்னு."

எனக்கு இது போதும். இயற்கை வாழ்வுக்கென்று மாத இதழ் நடத்தும் நண்பர் ஒருவர் ரொம்ப நாளாகக் கதை கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார். நிபந்தனை இரண்டே இரண்டு. கதையில் குறைந்தது இரண்டு கஞ்சி வர வேண்டும். கடைசியில் யாராவது ஒருவர் இயற்கையாகக் குணமாக வேண்டும். (கஞ்சியை நீங்கள் எண்ணிக்கொள்ளுங்கள். எனக்கு எழுதும்போது வேறு வேலை இருக்கிறது.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

கிழக்கே கடல் சிவந்துகொண்டிருந்தது. செங்கல்வராயன் தன் தள்ளுவண்டியின் பச்சைப் பாத்திரங்களை—

அடித்துவிட்டேன். கிழக்கே கடல் தினமும்தான் சிவக்கிறது. அதற்கு நான் எதற்கு?

அப்புறம் இப்படி:

மனித உடல் ஓர் அற்புதம். அதன் மொழியை நாம் மறந்துவிட்டோம். இன்றைய அவசர உலகில்—

இதை எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது. உடம்பு பேசுகிறது என்று எடுத்துக்கொண்டு அதையும் அடித்தேன்.

ஆகவே, ஆரம்பம் இல்லாமலே ஆரம்பிக்கிறேன்.

3

அவர் பெயர் செங்கல்வராயன் என்று வைத்துக்கொள்வோம். வயது ஐம்பத்து நாலு. முன்னே கல் பட்டறையில் சிலைகளுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். தூசி ஒத்துக்கொள்ளவில்லை. விட்டுவிட்டு இந்த வண்டியைப் போட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. அருகம்புல், வாழைத்தண்டு, முடக்கத்தான் சூப், கம்பங்கூழ், உளுந்தங்கஞ்சி. (கஞ்சி ஒன்று.) அரைத்துக் கொடுப்பது அவர் மனைவி அம்சா. பேசி விற்பது இவர்.

பேச்சென்றால் பேச்சு. "பசிச்சா மட்டும் துன்னு சார். மென்னு துன்னு. டிவி பாத்துகினு துன்னாத, எவ்ளோ துன்னன்னு வயித்துக்கும் தெர்யாது, ஒனக்கும் தெர்யாது." இதிலெல்லாம் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் சொன்னதைக் கேட்டு ராத்திரிப் பரோட்டாவை விட்ட பிறகு எனக்கு இடுப்பு பெல்ட்டில் ஒரு ஓட்டை மிச்சமாயிற்று. நல்லது சொல்கிற மனுஷன்தான்.

அவருடைய பெரிய பலம் திருநாவுக்கரசு சார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தினமும் வண்டிக்குப் பக்கத்தில் தம்ளரோடு நின்றுகொண்டு, வருகிற போகிறவர்களிடம் சாட்சி சொல்வார். "பதினெட்டு வருஷம் சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவன் நான். ஒரு நாள் மொத்தத்தையும் தூக்கிக் கடல்ல போட்டேன். இதோ, இந்தப் புல்லுதான்." வண்டியின் பாதி வியாபாரம் அந்த வாயில்தான் நடக்கிறது.*

* மாத்திரையை நீங்களும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவர் உண்மையில் என்ன செய்தார் என்பது ஐந்தாம் பகுதியில் வருகிறது. அதுவரை பொறுங்கள்.

4

இந்த இடத்தில்தான் எனக்குக் குறும்பு தலைக்கேறியது. ஊருக்கே வைத்தியம் சொல்கிறவருக்கு நெஞ்சு வலி வந்தால் என்ன ஆகும்?

எழுதினேன். வந்துவிட்டது.

திங்கட்கிழமை வண்டியை மேட்டில் தள்ளும்போது நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அமுக்கின மாதிரி இருந்தது. கேஸு என்றார். இஞ்சிச் சாறு குடித்தார். செவ்வாய்க்கிழமை இடது கை கனத்தது. கேஸு கைக்கு எறங்கிடுச்சி என்றார். ஓமத் தண்ணி குடித்தார். புதன்கிழமை சட்டை நனைய வேர்த்தது. கெட்ட தண்ணி வெளிய போவுது, நல்லதுதான் என்று பூண்டைத் தட்டிப் பாலில் போட்டுக் குடித்தார். மூன்று நாளில் வண்டியிலிருந்த அத்தனையும் அவரே குடித்து, கஸ்டமருக்குப் பற்றாக்குறை வந்துவிட்டது.

நான் இதை விளையாட்டாகத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை காலையில் அம்சா ஒரு கிண்ணம் நொய்க்கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். (இரண்டு.) அவர் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவர் முகம் சாம்பல் பூத்துப் போயிருந்தது. அதை நான் எழுதத் திட்டமிடவில்லை.

அம்சா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"யோவ். ஊருக்கெல்லாம் ஒடம்பு பேசுது ஒடம்பு பேசுதுன்ற. ஒன் ஒடம்பு நாலு நாளா கத்திகினு கீது. காது இன்னா செவுடா?"

"கேஸுடி."

"கேஸாவே இருக்கட்டும். டாக்டர் வாயால கேஸுன்னு சொல்லட்டும், நான் மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்தறேன். கெளம்பு."

"ஆஸ்பத்திரில என்னை எவனாவது பாத்தான்னா அப்பால எவன்டி வண்டிக்கு வருவான்? பதினோரு வருசம் பேசன பேச்சு இன்னாத்துக்கு ஆவறது?"

"வண்டி போனா வேற வண்டி. நீ போனா நான் இன்னா பண்ணுவேன்?"

இந்த வசனத்தை நான் அவளுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அவளாகவே சொன்னாள். சொல்லிவிட்டு அழவும் செய்தாள்.

அன்றைக்கு மத்தியானம் பத்திரிகை நண்பரிடமிருந்து போன். அதுவரை எழுதி அனுப்பியிருந்ததைப் படித்துவிட்டார். "சார், ஆஸ்பத்திரிக்கு மட்டும் அனுப்பிடாதீங்க. நம்ம வாசகர்கள் மனசு கஷ்டப்படும். ஒரு சீரகத் தண்ணியோட முடிச்சுடலாமே?"

கதாபாத்திரத்துக்கும் பத்திரிகைக்கும் ஒரே பயம். ஆளை விடுங்கள் என்று போனை வைத்தேன்.

5

வெள்ளிக்கிழமை செங்கல்வராயன் செங்கல்பட்டு பஸ் ஏறினார். பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் பக்கத்தில் என்றால் தெரிந்த முகங்கள். அச்சரப்பாக்கத்தில் சொந்தக்காரர் கல்யாணம் என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்று. அம்சா கூடவே வருகிறேன் என்று நின்றாள். வண்டி ஒரு நாள் நின்றாலும் ஊரே கேட்கும் என்று சத்தம் போட்டு அவளை வண்டிக்கு அனுப்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். சீட்டு எழுதுகிற பெண் கேட்டாள், "பேரு?"

செங்கல்— என்று ஆரம்பித்தவர் இருமினார். "வெங்கடேசன்."

"வயசு?"

"நாப்பத்தெட்டு." (இது பயத்தில் சொன்ன பொய்யில்லை. பழக்கத்தில் வருவது.)

"இன்னா பண்ணுது?"

நெஞ்சு அமுக்குது, கை கனக்குது, வேர்க்குது என்று அவர் சொல்லியிருந்தால் அந்தப் பெண் அப்போதே டாக்டரைக் கூப்பிட எழுந்து ஓடியிருப்பாள். அவரைத் தள்ளுவண்டியில் போட்டு உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். அவர் சொன்னது: "ஒன்னியும் இல்லம்மா. சொம்மா, ஒரு ஈசிஜி பாத்துடலாம்னு." அதனால் சொம்மா வந்தவர்களோடு பெஞ்சில் குந்தச் சொன்னாள்.

குந்தினார். தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு பக்கத்தில் திரும்பினார்.

தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் திருநாவுக்கரசு சார்.

இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. வாத்தியார்தான் முதலில் தேறினார்.

"என்ன செங்கல்வராயா, இந்தப் பக்கம்?"

"அச்சரப்பாக்கத்துல ஒரு கல்யாணம் சார். அப்டியே இங்க ஒரு பங்காளி... நெஞ்சு வலின்னான். கூட வந்தேன். நீங்க?"

"பழைய மாணவன் ஒருத்தன் இங்க டாக்டரா இருக்கான். பார்த்து ரொம்ப நாளாச்சேன்னு." பெஞ்சுக்கு அடியில் அவருடைய மஞ்சப்பை இருந்தது. அதற்குள் ஒரு மாசத்துக்கான சர்க்கரை மாத்திரை பட்டை பட்டையாக இருந்தது. பையின் வாய் செங்கல்வராயன் பார்க்க முடியாத பக்கம் திரும்பியிருந்தது. பார்த்தது நானும் நீங்களும் மட்டும்தான்.

வாத்தியார் பார்வை செங்கல்வராயன் கையிலிருந்த சீட்டில் விழுந்தது. "யாரு, வெங்கடேசனா? அதான் உன் பங்காளியா?"

"ஆமா சார். அவன் சீட்டுதான். புடிச்சுகினு கீறேன்."

6

"வெங்கடேசன்! ஈசிஜி வெங்கடேசன்!"

நர்ஸ் கதவைத் திறந்து கூப்பிட்டார். செங்கல்வராயன் உடம்பு ஒரு அங்குலம் எழுந்தது. பக்கத்தில் வாத்தியார். உட்கார்ந்துவிட்டது.

"கூப்பிடறாங்களே, எங்கப்பா உன் ஆளு?"

"டீ குடிக்கப் போயிருப்பான் சார்."

"நெஞ்சு வலியோட வந்துட்டு டீக்கடையில நிக்கிறானா? சரியான மடையனா இருப்பான் போலிருக்கே!"

"மடையன்தான் சார்," என்றார் செங்கல்வராயன், நெற்றி வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு. நெஞ்சில் முழங்கால் மறுபடியும் ஏறியது. இந்த முறை இறங்கவில்லை.

"வெங்கடேசன்! இல்லன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவேன்!"

இங்கே நான் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) அவர் எழுந்து, நான்தான் சார் வெங்கடேசன் என்கிறார். வாத்தியார் மஞ்சப்பையைத் திறந்து காட்டுகிறார். இருவரும் கட்டிப்பிடித்து— இல்லை. பதினோரு வருஷம் வீறாப்பாகப் பேசின இரண்டு ஆம்பிளைகள் ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒரே நிமிஷத்தில் மனம் திருந்துவதை என்னாலேயே நம்ப முடியவில்லை.

(ஆ) அவர் நைசாக வெளியே போய் ஒரு இஞ்சி சோடா குடிக்கிறார். பெரிய ஏப்பம். வலி போய்விடுகிறது. கேஸுதான்! பத்திரிகை நண்பருக்கு ரொம்பப் பிடிக்கிற முடிவு. டைப் பண்ணி முடித்து, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, முழுசாக அழித்தேன். இதைப் படித்துவிட்டு எங்கோ ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோடா குடித்துவிட்டுப் படுத்தால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். விளையாட்டுக்கும் ஓர் அளவு இருக்கிறது.

(இ) திரும்பும் பஸ்ஸில், திருக்கழுக்குன்றம் தாண்டி, ஜன்னல் சீட்டில்— எழுத மாட்டேன். எழுதினால் அம்சாவிடம் போய்ச் சொல்வது யார்? நீங்களா?

7

ஆக, முடிவு என்னிடம் இல்லை.

எழுந்தார் என்று எழுதினால் எழுந்துவிடுவாரே, உனக்கென்ன கேடு என்று கேட்பீர்கள். எழுதிப் பார்த்துவிட்டேன் ஐயா. மூன்று தடவை எழுதினேன். எழுந்தார். எழுந்தார். எழுந்தார். மூன்று தடவையும் மனுஷன் பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். வாத்தியார் வேறு, அந்த வெங்கடேசனைத் தேடிக்கொண்டு வர டீக்கடைக்குக் கிளம்பத் தயாராக நிற்கிறார். என் பேச்சை அவர்கள் யாரும் கேட்பதாக இல்லை.

அம்சா பேச்சைக் கேட்டு இவ்வளவு தூரம் வந்தார். அவள் இப்போது மாமல்லபுரத்தில் யாருக்கோ அருகம்புல் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு, நிமிஷத்துக்கு ஒரு தரம் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உடம்பு பேச்சை அவர் கேட்கத்தான் நினைக்கிறார். பக்கத்திலிருக்கிற வாத்தியார் காது அவருக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மிச்சம் இருப்பது நீங்கள்தான். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். பதினோரு வருஷத்தில் செங்கல்வராயன் ஒரே ஒரு விஷயத்தில் தவறியதே இல்லை. கஸ்டமர் பேர் சொல்லிக் கூப்பிட்டு அவர் எழாமல் இருந்தது கிடையாது. வாயில் கவளம் இருந்தாலும் எழுந்துவிடுவார். கால் தானாக எழுந்துவிடும், யோசனை பின்னால்தான் வரும். வெங்கடேசன் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தால் அவர் யோசித்துக்கொண்டேதான் இருப்பார்.

நர்ஸ் மூன்றாவது தடவை கூப்பிட வாயைத் திறந்துவிட்டார். உங்களுக்கு அருகம்புல் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. வண்டிக்கு முன்னால் நிற்கிற மாதிரி நின்று, அவர் சொந்தப் பேரைச் சொல்லி ஒரு குரல் கொடுங்கள்.

இன்னும் கொஞ்சம் சத்தமாக.